தாளிக்காத குழம்பு

"தாளிக்காத. அப்படியே ஊத்து" என்றார் என் வீட்டுக்காரர் வேலுச்சாமி. சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கடுகு என் உள்ளங்கையில் இருந்தது.

"புளிக்குழம்பைத் தாளிக்காம எப்படித் திங்கிறது?"

"அக்கா வீட்டுல மொளப்பாரி இருக்கு. வாடை போகும்."

அக்கா என்று அவர் சொன்னது அடுத்த வீட்டுக் கருப்பம்மாளை. எனக்கு மதினி. ரத்த உறவு இல்லை, ஒரே சுவரின் இரண்டு பக்கம் குடியிருந்து வந்த முறை. பங்குனிப் பொங்கலுக்காக எங்கள் தெரு அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். அதை அவிழ்க்கும்வரை தெருவில் யாரும் எண்ணெய் காய்ச்சித் தாளிக்க மாட்டார்கள். அந்த வாடை அம்மனுக்கு ஆகாது. மதினி தன் மகள் செல்லத்தாய்க்குப் பிள்ளை வரம் கேட்டு, இருட்டறையில் நவதானியம் விதைத்து முளைப்பாரி வளர்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் காப்புக் கட்டவில்லை. சாத்தூரில் ஞானஸ்நானம் வாங்கி வேதத்துக்கு மாறியவர்கள். அம்மனுக்கு வரி கொடுக்க மனசு ஒப்பவில்லை என்று அவர் சொன்ன அன்றைக்கே, தெருக் கிணற்றில் எங்களுக்குத் தண்ணீர் கிடையாது, எங்களோடு யாரும் பேசக் கூடாது என்று நாட்டாமை சோலைச்சாமி கூட்டத்தில் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூடி ஜெபிக்கிற ஓலைக்கொட்டகையையும் பிரித்து எறிந்தார்கள்.

"ஊரே நம்மளத் தள்ளி வச்சிருக்கு. நம்ம வாடை எங்கன போனா என்ன?" என்றேன்.

"அக்கா தள்ளலையே."

உண்மைதான். மதினி எங்களோடு பேசுவதில்லை. ஆனால் தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீரைச் சுவரோரம் வைத்துவிட்டு, எடுக்க மறந்தவள்போல உள்ளே போய்விடுவாள்.

சட்டியை இறக்கி வைத்தேன். குழம்பில் விரலைத் தொட்டு நக்கிப் பார்த்து, "உப்பு சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, தூக்குச்சட்டியை சைக்கிளில் மாட்டிக்கொண்டு எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். அது 1958-ஆம் வருஷம்.

மத்தியானம் சத்தம் கேட்டது. பட்டாசுச் சத்தத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். எது சோதித்துப் பார்க்கிற வெடி, எது மருந்து அறை என்று எங்கள் காதுக்குத் தெரியும். பொழுது சாய்வதற்குள் கம்பெனி லாரி அவரைக் கொண்டுவந்தது. முகத்தை மூடியிருந்தார்கள். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

லாரி தெருவுக்குள் வரவில்லை. தெருமுனையில் ஆண்கள் குறுக்கே நின்றார்கள்.

காப்புக் கட்டிய தெருவில் சாவு விழுந்தால் தீட்டு. அம்மனை இறக்கி, பொங்கலை நிறுத்திவிட வேண்டும். பொங்கல் நிற்காமல் இருக்க நாட்டாமைக்கு ஒரு வழிதான் இருந்தது. செத்தவர் எங்கள் தெருக்காரரே இல்லை என்று சொல்லிவிடுவது. அப்படிச் சொல்லிவிட்டால் எங்கள் இடுகாட்டில் அவருக்கு இடம் இல்லை. அவருடைய அப்பா, அம்மா, நாங்கள் பறிகொடுத்த மூத்த பிள்ளை எல்லாரும் அங்கேதான் கிடந்தார்கள்.

"ஏத்தா, இங்கன ஒக்காராத" என்றார் சோலைச்சாமி. குரலில் கோபம் இல்லை. "ஒம்புருசன் காப்புக் கட்டல, வரி குடுக்கல. நம்ம கணக்குல இல்லாத ஆளு. சாத்தூர்ல ஒங்க சனத்துக்குக் கல்லறை இருக்குல்ல, வண்டியை அங்கன விடச் சொல்லு."

நான் லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது கருப்பம்மாள் மதினி வந்தாள். மஞ்சள் சேலை, கையில் காப்பு. முளைப்பாரி வளர்க்கிறவள் சாவு வீட்டுத் திசைக்கே போகக் கூடாது. யாரையும் பார்க்காமல் நடந்து வந்து, லாரிப் பலகையைப் பிடித்து ஏறி, அவருடைய பாதத்தின் மேல் கையை வைத்தாள்.

"அடியே, விரதக்காரி! தொடாதடீ!" என்று எதிர்வீட்டு ராக்காயி கத்தினாள்.

"தொட்டாச்சு."

சோலைச்சாமி தலையில் அடித்துக்கொண்டார். "கிறுக்கச்சி! ஒம்மக வேண்டுதல் போச்சேடி!"

"போகட்டும். இப்பத் தீட்டு எனக்கும் வந்துருச்சு. என்ன செய்யப் போறீக? என்னையும் கணக்குலருந்து எடுத்துருவீகளா?"

"சட்டம் பேசாத. காப்புக் கட்டாதவனுக்கு..."

"கட்டாதவன் வீட்டுலதான்யா இன்னிக்குக் கடுகு வெடிக்கல. செவுத்துக்கு அங்கிட்டு இருக்கிற எனக்குத் தெரியாதா? என் மொளப்பாரிக்காகத் தாளிக்காத கொழம்பைத் தூக்கிட்டுப் போயிருக்கான். காப்புக் கட்டின ஒம்ம வீட்டுலருந்து நேத்து அப்பளம் பொரிக்கிற வாசம் வந்துச்சே, அதைக் கேக்கட்டுமா?"

அந்த நேரத்திலும் கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். "பேரன் அழுதான்..." என்று நாட்டாமை இழுத்தார். லாரியில் தெரிந்த கால்களைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"மேளத்தை நிப்பாட்டுங்கலே. அம்மனை எறக்குங்க. நம்ம தெருவுல சாவு."

நம்ம தெருவுல சாவு. அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அவரைத் தூக்கியவர்களில் கொட்டகையைப் பிரித்தவர்களும் இருந்தார்கள். சாத்தூரிலிருந்து எங்கள் சபை உபதேசியார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். "ஒங்க வேதத்தைப் படிங்க, நாங்க நிக்கிறோம்" என்று நாட்டாமை தள்ளி நின்றார். உபதேசியார் பாட்டு ஒரு பக்கம், ராக்காயியின் ஒப்பாரி ஒரு பக்கம். ராக்காயியின் குரல்தான் ஓங்கியது. உபதேசியார் இரண்டு முறை நிறுத்திப் பார்த்துவிட்டு, அவளோடு சேர்த்தே பாடி முடித்தார். என் வீட்டுக்காரரை அவருடைய அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்து மண்ணைத் தள்ளினோம்.

மதினி அன்றைக்கே முளைப்பாரியைக் கொண்டுபோய்க் கண்மாயில் கொட்டினாள். சித்திரையில் மறுபடி காப்புக் கட்டியபோது புதிதாக விதைத்தாள். எருவுக்கு ஆட்டாம்புழுக்கை பொறுக்கிக் கொடுத்தது நான். வேதக்காரி கை படக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கிணற்றில் என் வாளியும் இறங்கியது. மழைக்கு முன்னால் கொட்டகைக்கு ஓலை வந்தது. யார் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

செல்லத்தாய்க்குக் கடைசிவரை பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி மதினி என்னிடம் ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. பிறகு வந்த ஒரு இளவயது உபதேசியார் முளைப்பாரியைப் பேய்ப்புல் என்று பிரசங்கத்தில் சொன்னபோது நான் எழுந்து நின்றேன். "ஐயா, என் வீட்டுக்காரர் அந்தப் புல்லால்தான் சொந்த மண்ணில் கிடக்கிறார்" என்றேன். அவர் நல்ல மனுஷர். அதற்குப் பிறகு அப்படிப் பேசவில்லை.

சபைப் பத்திரிகை மாதாமாதம் வருகிறது. ஏதோ ஒரு தேசத்தில் ஜெபம் செய்ததற்காகச் சிறை, ஏதோ ஒரு ஊரில் கோயிலை இடித்து அந்தச் சனத்தை விரட்டினார்கள் என்று வாசிக்கிறேன். எங்கள் வேதக்காரர் மட்டுமில்லை, எத்தனையோ சாமியைக் கும்பிடுகிறவர்கள். அந்த ஊர்ப் பெயர்களை எனக்குச் சரியாக உச்சரிக்கத் தெரியாது. அவர்களுக்காக ஜெபிக்கும்போது பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை. அவர்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கருப்பம்மாள் இருக்கட்டும் என்று கேட்கிறேன். எனக்கு இருந்தாள். அதற்கான நன்றியை இன்னும் சொல்லித் தீரவில்லை.

மதினி போன மாசியில் தவறிப்போனாள். செல்லத்தாய் புருஷனோடு விருதுநகருக்குப் போய்விட்டாள். அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. இருட்டறையில் இந்த வருஷம் யாரும் எதையும் விதைக்கவில்லை.

நேற்று அம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். இன்று காலையில் புளிக்குழம்பு வைத்தேன். தாளிக்கவில்லை.