பதினேழாம் எண்ணின் குறை

தாய்லாந்தில் கஞ்சாச் செடிக்கு இருந்த தடை நீங்கிய அந்த மழைக்காலத்தில் எங்கள் ஊர் சகோன் நகோனில் பாதிப் பேர் அதை வளர்க்கப் புறப்பட்டார்கள். என் மின்சாமான் கடையில் அதுவரை டியூப்லைட்டும் தண்ணீர் மோட்டாரும்தான் விற்றன. திடீரென்று எல்லாருக்கும் செடி வளர்க்கும் விளக்கு வேண்டும். வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "தவீ அண்ணே, எது ரொம்ப வெளிச்சம்?"

பைலின் அப்படிக் கேட்கவில்லை. ஒரு பப்பாளி இலையைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். பாதி பச்சை, பாதி பழுப்பு. ஒவ்வொரு விளக்காகப் போடச் சொல்லி, அதன் கீழே அந்த இலையைப் பிடித்துப் பார்த்தாள். அப்போது எல்லாரும் அள்ளிக்கொண்டு போன சிவப்பும் நீலமும் கலந்த விளக்கைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள்.

"இதுல இலை மொத்தமும் கருப்பாத் தெரியுது. செடிக்கு நோவு வந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"செடி நல்லா வளரும்மா."

"வளத்துட்டுப் போறதுக்கு நான் வரலண்ணே. இருநூறு செடியில ஒண்ணைப் பொறுக்கணும். கண்ணுதான் எனக்கு ஆயுதம்."

மஞ்சள் சோடியம் விளக்கையும் வேண்டாம் என்றாள். அதன் சூட்டில் அறை அடுப்பாகிவிடும். சூட்டைத் தணிக்க இன்னொரு ஏசி வாங்க வேண்டும். கடைசியில் வெள்ளை வெளிச்சம் தரும் எல்.இ.டி. பட்டைகள் நான்கு எடுத்தாள். நானே போய் மாட்டிக் கொடுத்தேன். நோங் ஹான் ஏரிக்குப் போகும் சாலையில் ஒரு கடைவீட்டின் மாடி அறை. கீழே அவள் பள்ளித் தோழன் ருங்ரோட், அலுவலகம் என்று பெயர்ப்பலகை மாட்டி உட்கார்ந்திருந்தான். உரிமம், வாடிக்கையாளர், பேச்சு எல்லாம் அவன். செடி அவள்.

அவள் செய்ய நினைத்தது எளிய காரியம். செய்து முடிப்பதுதான் கடினம். பூபான் மலையில் வளரும் எங்கள் ஊர்ச் செடியின் பூவுக்குப் பச்சை மாங்காய்த் தோலைக் கசக்கின மாதிரி ஒரு வாசம். ஆனால் கூரையை முட்டும்வரை வளரும். பூ முற்ற நான்கு மாதம் ஆகும். அறைக்குள் வைத்துக் கட்டுப்படியாகாது. அதை ஒரு குட்டை வெளிநாட்டுச் செடியோடு சேர்த்து, உயரத்தைக் குறைத்து, வாசத்தை விடாமல் பிடிக்க வேண்டும். ஓவியம் வரையும் தூரிகையால் மகரந்தத்தைத் தொட்டு ஒரே ஒரு கிளைக்கு மட்டும் வைப்பாள். அந்தக் கிளைக்குக் காகிதப் பை கட்டுவாள். விதை வந்ததும் மறுபடி இருநூறு நாற்று. பார்ப்பாள், முகர்வாள், பிடுங்கி எறிவாள். இப்படி ஐந்து தலைமுறை.

ஐந்தாவதில் பதினேழாம் எண் செடி வந்தது. இடுப்பளவு உயரம். ஒன்பது வாரத்தில் பூ முற்றியது. அறைக்கதவைத் திறந்தால் மாங்காய் வாசம் படிக்கட்டில் இறங்கி வந்தது.

ருங்ரோட் அன்றே பீர் வாங்கி வந்தான். "முடிஞ்சுது பைலின். நாளைக்கே விக்க ஆரம்பிக்கலாம்."

"முடியலடா. இதுக்கு ஒரு குறை இருக்கு. இன்னும் ஒருதடவை கலக்கணும். ஒரு வருஷம் பொறு."

"ஒரு வருஷமா! ஊர்ல எல்லாரும் காசு பாத்துட்டுப் போயிடுவாங்க. உனக்குச் செடின்னா குழந்தை, இடுப்பை விட்டு இறக்கவே மாட்ட."

என்ன குறை என்று அவன் கேட்கவே இல்லை. நான் ஏணி மேல் நின்று கொண்டிருந்தேன். எனக்கு அது தெரியும், ஏனென்றால் அந்தக் குறைக்காகத்தான் அவள் என்னை வரவழைத்திருந்தாள். பூக்கும் காலத்தில் செடிக்குப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டு வேண்டும். மற்றச் செடிகள் இருட்டில் சிறு வெளிச்சம் கசிந்தால் பொறுத்துக்கொள்ளும். பதினேழு பொறுக்காது. ஏசியில் எரியும் ஒரு சின்ன விளக்கு போதும், மிரண்டு போய்ப் பெண் பூவுக்குள்ளேயே ஆண் பூ விட்டுவிடும். பிறகு அறை முழுக்க மகரந்தம்; பூவெல்லாம் விதை. விதை விழுந்த பூவை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் அந்த அறையில் எரியும் ஒவ்வொரு பொட்டு வெளிச்சத்தின் மேலும் நான் கறுப்பு நாடா ஒட்டினேன்.

அடுத்த மாதம் பைலினின் அப்பா இறந்துபோனார். சடங்குக்காக அவர் ஊரான கலசினுக்கு ஒன்பது நாள் போனாள். அறையைப் பார்த்துக்கொள்ளும்படி ருங்ரோட்டிடம் சாவி கொடுத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது அறையில் எல்லாச் செடிகளும் வெந்து தொங்கின. சித்திரை வெயிலில் மூடிய மாடி அறை. ஏசியும் இல்லை, விசிறியும் இல்லை, தண்ணீரும் இல்லை.

"கரண்ட் போயிடுச்சு பைலின். மூணு நாள். நான் என்ன பண்ணுவேன்?" என்றான்.

அவள் என்னைக் கூப்பிட்டாள். என் கடை அதே தெருவில்தான். அந்த மூன்று நாளும் தெருவில் ஒரு நிமிடம்கூட மின்சாரம் போகவில்லை. அறையின் பியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பியூஸ் போகவில்லை, கம்பி கருகவில்லை. பிரதான சுவிட்சை யாரோ கையால் இறக்கியிருந்தார்கள். பதினேழாம் எண் செடியின் தண்டில் புதிதாக வெட்டின காயங்கள் இருபதுக்கு மேல் இருந்தன. கிளைகளை வெட்டி எடுத்து வேர்விட வைத்துக்கொண்டு, தாய்ச்செடியைக் கொன்றிருக்கிறான். அவளிடம் ஒன்றும் மிஞ்சக் கூடாது என்று.

பைலின் அழவில்லை. காய்ந்த செடியின் அடித்தண்டை விரலால் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை இல்லை.

"அப்பாவை எரிச்ச சூடு இன்னும் ஆறல. அதுக்குள்ள இதையும் எரிச்சுட்டான்" என்றாள்.

ஐந்து மாதத்தில் கோன் கேன் நகரில் நடந்த கஞ்சாக் கண்காட்சியில் ருங்ரோட்டுக்கு முதல் பரிசு. மேடையில் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ராத்திரி பகல் தூங்காம நானே உருவாக்கின ரகம்" என்றான். ரகத்தின் பெயர் 'ருங் ஒன்று'. நான் நாடா ஒட்டின அதே மாடி அறையில் பூக்க வைத்தது; அதனால் விதை விழவில்லை. பைலின் கூட்டத்தோடு வரிசையில் நின்று, அந்தப் பூ வைத்திருந்த கண்ணாடிக் குப்பியை முகர்ந்துவிட்டு வந்தாள். போலீசுக்குப் போகலாம் என்றேன். செடியின் மேல் தன் பெயர் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டாள்.

பரிசைக் காட்டி ருங்ரோட் பாங்காக்கிலிருந்து ஒரு முதலாளியைப் பிடித்தான். ஊரெல்லையில் பழைய நெல் அரைக்கும் ஆலையை எடுத்து, உள்ளே பெரிய அறை கட்டினான். விளக்குக்கு என்னிடமே வந்தான்.

"அறுபது விளக்கு வேணும்ண்ணே. எதை மாட்டலாம்? நீங்க சொல்றதுதான்."

இரண்டு வகை இருந்தன. வெளிச்சத்தில் இரண்டும் ஒன்று. ஒன்றில், விளக்குக்கு மின்சாரம் தரும் மின்பெட்டியை அறைக்கு வெளியே வைக்கலாம். இன்னொன்றில் மின்பெட்டி விளக்கின் முதுகிலேயே இருக்கும். விளக்கு அணைந்தாலும் அதில் கடுகளவு பச்சைப் பொட்டு எரிந்துகொண்டிருக்கும். மறுநாள் சொல்வதாகச் சொல்லி அவனை அனுப்பினேன். பைலினுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"பச்சைப் பொட்டு வெச்சதைக் குடுங்கண்ணே."

"யோசிச்சுச் சொல்லு. பதினோரு பொம்பளைங்க அங்க பூ கத்தரிக்க வேலைக்குச் சேர்ந்திருக்காங்க. என் மச்சினிச்சி புவாபனும் அதுல ஒருத்தி."

"நான் பொய் சொல்லச் சொல்லல. கேட்டான்னா சொல்லுங்க. கேக்காம இருந்தா சும்மா இருங்க."

நான் அந்த விளக்கையே கொடுத்தேன். அவன் கேட்கவில்லை. சுவிட்சை இறக்கினவன் மேல் எனக்கும் கோபம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அறையைப் பன்னிரண்டு மணி நேர இருட்டுக்கு மாற்றிப் பூக்கவிடுவதற்கு முந்தின வாரம் ருங்ரோட் ஒரு கூடை லிச்சிப் பழத்தோடு பைலின் வீட்டுக்கு வந்தான். நான் அங்கே பழுதான பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவன் வருவதைப் பார்த்ததும் அவள் என் காதருகே சொன்னாள்: "மன்னிப்பு கேட்டான்னா சொல்லிடறேண்ணே. ஒத்தை வார்த்தை கேட்டாப் போதும்."

அவன் உட்கார்ந்தான். பழத்தை உரித்து அவனே தின்றான்.

"பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காத பைலின். என்கிட்ட வந்துடு. ரூம் மேனேஜர். மாசச் சம்பளம், ஞாயித்துக்கிழமை லீவு."

"ரகத்துப் பேரு?"

"பேர்ல என்ன இருக்கு? அட்டையெல்லாம் அடிச்சாச்சு."

"தாய்ச்செடி எப்படிச் செத்துச்சு ருங்ரோட்?"

"அதான் சொன்னேனே, கரண்ட் போச்சுன்னு." அவன் கண் என் பக்கம் வந்து திரும்பியது.

பைலின் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "எந்த விளக்கு மாட்டியிருக்கே?"

அவன் பெருமையாகச் சொன்னான்.

"நல்ல விளக்கு. ரொம்ப நல்ல விளக்கு."

"வேற ஏதாச்சும் பாத்துக்கணுமா? பூ விடற நேரத்துல?"

கையிலிருந்த ஸ்பேனரை நான் அப்படியே நிறுத்தினேன். அவள் கூடையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"என்னைக் கேக்கறியே! நீதானே ராத்திரி பகல் தூங்காம உருவாக்கினே. உனக்குத் தெரியாததா?"

பூக்கவிட்ட ஆறாவது வாரம் பகல் பதினொரு மணிக்கு, உடனே வரச் சொல்லிப் பைலினுக்கு அவன் போன் வந்தது. மின்கட்டணம் குறையும் என்று பெரிய அறைக்காரர்கள் விளக்கை இரவில்தான் எரியவிடுவார்கள். செடிக்குப் பகல்தான் இருட்டு. பைலின் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். வெளியே கண் கூசும் வெயில். ஆலைக்குள் பாங்காக் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ருங்ரோட்டின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. விளக்கைப் போட்டுக் காட்டினான். ஒவ்வொரு பூவிலும் குட்டி வாழைப்பழம் போல மஞ்சளாக ஆண் பூ நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு பூவைப் பிதுக்கினேன். உள்ளே விதை. அறை முழுக்க அதே கதி.

"என்ன நோவு இது? மருந்து இருக்கா?" என்று முதலாளி கேட்டார்.

"நோவு இல்லீங்க. அண்ணே, விளக்கை அணைங்க. கதவையும் சாத்துங்க" என்றாள் பைலின்.

சாத்தினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகப் பழக, கூரையில் பச்சைப் பொட்டுகள் ஒவ்வொன்றாக முளைத்தன. பத்து, இருபது, அறுபது. அவற்றின் வெளிச்சத்தில் இலை நுனிகள்கூடத் தெரிந்தன.

"பாத்தியா? இதுதான் அந்தக் குறை. இருட்டுல இத்தனூண்டு வெளிச்சம் பட்டாலும் தாங்காது. அதைச் சரிபண்ணத்தான் ஒரு வருஷம் கேட்டேன். செடியைத் திருடினே, சரி. எனக்குத் தெரிஞ்சதை எப்படித் திருடுவே?"

இருட்டில் முதலாளியின் குரல் வந்தது. "இந்த ரகத்தை உருவாக்கினது நீதானேப்பா? ஒரு பொட்டு வெளிச்சம் ஆகாதுன்னு உனக்கே தெரியாதா?"

ருங்ரோட் மெதுவாக, "வீட்டுக்கு வந்தேனே பைலின். அன்னைக்குச் சொல்லியிருக்கலாமே" என்றான்.

"கரண்ட் போச்சுன்னு சொன்னியே. அதுக்குப் பதிலா வேற ஒண்ணு சொல்லியிருந்தா, சொல்லியிருப்பேன்."

வெளியே வந்ததும் அவள் சாலையோரக் கடையில் சுட்ட கோழியும் ஒட்டரிசிச் சோறும் காரமான பப்பாளி சாலடும் வாங்கி உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டாவது தட்டும் கேட்டாள். நான் என் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அந்த வாரமே முதலாளி ஆலையைப் பூட்டினார். கோன் கேன் கண்காட்சிக்காரர்கள் பரிசைத் திரும்பக் கேட்டதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். ருங்ரோட் விதை விழுந்த பூக்களை உதிர்த்து, விதைகளைப் பொட்டலம் கட்டிச் சந்தையில் விற்றான். வாங்கி விதைத்தவர்கள் வீட்டிலும் அதே கூத்து நடந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க அவனை ஊரே திட்டியது. அவன் உடோன் நகருக்குப் போய் மச்சானின் பைக் கடையில் சேர்ந்தான். ஆனால் திட்டு அவனோடு நிற்கவில்லை. மாங்காய் வாசம் என்றாலே ஏமாற்று ரகம் என்று பேராகிவிட்டது. பைலின் ஐந்து தலைமுறை துரத்திப் பிடித்த வாசம் அது. அன்று ஆலையிலிருந்து அவளும் ஒரு பிடி விதை எடுத்து வந்திருந்தாள். மறுபடி கலக்க ஆரம்பித்தாள். குறை நீங்கிய செடி கிடைக்க இரண்டு வருடம் ஆனது. அதை விற்க அவள் வாய் வலிக்கப் பேச வேண்டியிருந்தது.

வேலை போன பதினோரு பெண்களில் பத்துப் பேர் கரும்பு வெட்டவும் பாங்காக்கில் வீட்டு வேலைக்கும் சிதறினார்கள். புவாபன் மட்டும் ஊரில் இருந்தாள். என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். பைலின் ஒருநாள் அவளைத் தேடிப் போனாள். என் மனைவியும் கூட இருந்தாள்; அவள்தான் என்னிடம் சொன்னாள்.

"என்கிட்ட வேலைக்கு வா புவாபன். அந்தக் கூலியே தரேன்."

"அந்தப் பொட்டு விஷயம் உனக்கு முன்னாடியே தெரியுமாமே?"

"தெரியும்."

"நீ அவனை அடிச்சே. அடி எங்க மேலயும்தான் விழுந்துச்சு."

"ஆமா. தெரிஞ்சேதான் பண்ணேன். உங்களுக்காக வருத்தப்படறேன். அவனுக்குப் பண்ணதுக்கு இல்ல. மறுபடி அந்த நாள் வந்தாலும் அதே விளக்கைத்தான் குடுக்கச் சொல்லுவேன்."

புவாபன் வாசலில் துப்பிவிட்டு உள்ளே போனாளாம். மறுவாரம் திங்கட்கிழமை காலை கத்தரிக்கோலோடு பைலின் வீட்டுப் படியேறினாள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறந்திருந்தது, வேறு வழியில்லை. ஏழு மாதம் எதிரெதிரே உட்கார்ந்து பூ கத்தரித்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. பைலின் தினமும் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சோறு கொண்டு வந்து வைப்பாள். புவாபன் தன் தூக்குச்சட்டியைத்தான் திறப்பாள்.