மிஷின் நின்றால் அழும் குழந்தை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் தங்கை சொல்வாள். இருக்கட்டும். கோபப்பட ஆள் கிடைக்காததுதான் இப்போது என் கஷ்டம். யாரைத் திட்டுவது என்று தெரிந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

தங்கையும் அவள் புருஷனும் தையல்கடை வைத்திருக்கிறார்கள். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. நான் காஜா எடுக்கவும் பட்டன் கட்டவும் தினமும் போவேன். கடையின் நடுவில் ஒரே நீள மேசை, அதில் வரிசையாக மூன்று மிஷின்கள், எல்லாம் மோட்டார் வைத்தவை. மேசையின் ஒரு கோடியில் கொஞ்சம் இடம் காலியாகக் கிடந்தது. தங்கைக்குப் பெண் பிறந்ததும் ஒரு பிரம்புக் கூடையில் வெட்டுத்துணியை மெத்தையாகப் பரப்பி அங்கே வைத்தோம். கூடை நகராதபடி மாப்பிள்ளையே கயிறு போட்டுக் கட்டினார். வேலையையும் பார்க்கலாம், குழந்தையும் கண்ணெதிரே இருக்கும்.

பிறந்த மறுநாளே ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்தார்கள். ஒரு பெண் சின்ன ரப்பர் முனையைக் குழந்தையின் காதில் வைத்து, கையிலிருந்த கருவியைப் பார்த்துவிட்டு, இரண்டு காதிலும் பதில் வரவில்லை என்றாள். பிறந்த புதிதில் காதில் நீர் இருந்தால் இப்படி வருவதுண்டு, இப்போதே பயப்பட வேண்டாம், ஆனால் அடுத்த மாதம் கட்டாயம் கூட்டி வாருங்கள், மறுபடி பார்த்தே ஆக வேண்டும் என்றாள். நாங்கள் அந்தக் கட்டாயத்தைக் காற்றில் விட்டுவிட்டு நீரைப் பிடித்துக்கொண்டோம். நீர்தானே, காய்ந்துவிடும்.

வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே ஒன்றைக் கவனித்தோம். மிஷின்கள் ஓடும்வரை குழந்தை அசையாமல் தூங்கும். மூன்றும் நின்றால் போதும், முகம் சுருங்கும், கண் திறக்கும், பிறகு கடை இரண்டுபட அழும். மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. மகளுக்கு சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தார். டீ குடிக்கக்கூட எழுந்திருக்க முடியவில்லை, சூப்பர்வைசர் சத்தம் போடுகிறாள் என்று அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகக் குறைபட்டுக்கொள்வார். பாம்புக் காது என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னதை வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சொன்ன மாதத்தில் நாங்கள் போகவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற நேரம், தலைக்கு மேல் வேலை. மாப்பிள்ளை தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, துணியை வெட்டியபடியே, "மிஷின நிறுத்தினாலே எழுந்துடறாங்க. காது கேக்காத புள்ள எப்படிங்க எழுந்திருக்கும்?" என்று கேட்டார். எதுவாக இருந்தாலும் ஒரு தடவை கூட்டி வாருங்கள் என்று அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சரி சரி என்று வைத்துவிட்டார். இன்னொரு முறையும் போன் வந்தது, அதற்கும் அதே பதில்தான். அவர் பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். அதனால்தான் அவரைத் திட்ட எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது.

குழந்தை தவழத் தொடங்கியது, கூடையில் அடங்கவில்லை. நாலாவது மிஷினும் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. சுவரோரம் சிமெண்டுத் தரையில் மெத்தை போட்டுக் குழந்தையை அங்கே மாற்றினோம். அதற்குப் பிறகு மிஷின் நின்றால் அவள் எழுவதில்லை. சமர்த்தாகிவிட்டாள் என்று தங்கை பூரித்துப்போனாள். கூப்பிட்டால் திரும்பவில்லையே என்றால், விளையாட்டு மும்முரம், அப்பனைப் போலப் பிடிவாதம் என்பாள். ஒரு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. சில பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஊரில் இதைச் சொல்வதற்கு ஆளா இல்லை.

ஒரு மத்தியானம் கடையின் இரும்பு ஷட்டர் ஸ்பிரிங் அறுந்து தடாலென்று இறங்கியது. வாசலில் நின்ற பெண்மணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தங்கை விரலில் ஊசி ஏற்றிக்கொண்டாள். குழந்தை எங்களுக்கு முதுகைக் காட்டியபடி மெத்தையில் உட்கார்ந்து ஒரு வெட்டுத்துணியிலிருந்து நூல் பிரித்துக்கொண்டிருந்தது. தலையைக்கூடத் தூக்கவில்லை.

ஷட்டரைத் தூக்கிக் கட்டையை முட்டுக் கொடுத்த பிறகு, மாப்பிள்ளையை மிஷின் ஓட்டச் சொல்லிவிட்டு மேசையில் உள்ளங்கையை வைத்தேன். முழங்கைவரை குறுகுறுவென்று ஏறியது. நிறுத்தச் சொன்னேன். கை சட்டென்று வெறுமையானது.

"மாப்பிள்ளை, அவ சத்தம் கேட்டு எழுந்திருக்கல. மேசை ஆடறது நின்னதாலதான் எழுந்திருக்கா."

அவரும் கையை வைத்துப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. சூப்பர்வைசர் என்ற பெயரை அன்றைக்கு விட்டவர்தான், பிறகு அந்த வாயால் சொல்லவே இல்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தையைத் தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டிச் சோதித்தார்கள். இரண்டு காதிலும் மிகவும் கடுமையான குறை, பிறவியிலேயே இருந்திருக்கும் என்றார் டாக்டர். முதலில் காது மிஷின் போட்டுப் பார்க்கலாம், அது போதவில்லை என்றால் ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம், எதுவாக இருந்தாலும் பிஞ்சிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்றார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தங்கைக்கு அழவாவது வந்திருக்கும். முகத்துக்கு நேராக உட்காருங்கள், உதடு தெரியப் பேசுங்கள், கையால் காட்டுங்கள், இனி ஒரு நாளையும் வீணாக்காதீர்கள் என்று அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

என் தங்கை வாய் ஓயாதவள். குளிப்பாட்டும்போது பேச்சு, சோறு ஊட்டும்போது பேச்சு, மிஷின் மிதிக்கும்போதும் முதுகுக்குப் பின்னால் இருக்கிற குழந்தையிடம் ஊர்க்கதை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இத்தனை நாளா நான் யார்கிட்டக்கா பேசிட்டிருந்தேன்?"

அதோடு சரி. வாயை மூடிக்கொண்டாள். குழந்தையைக் குளிப்பாட்டுவாள், ஊட்டுவாள், உடுத்துவாள், முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள். காது மிஷின் வந்தது. குழந்தை பிடுங்கி எறிந்தது. பழகும்வரை திரும்பத் திரும்பப் பொறுமையாக மாட்ட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நான் மாட்டிவிட்டுப் போவேன். மறுநாள் வந்தால் அது பட்டன் டப்பாவுக்குள் கிடக்கும். கேட்டால், அவளுக்கே வேண்டாமாம், நமக்கென்ன என்பாள். கத்தினேன், கெஞ்சினேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். மாப்பிள்ளை கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

காது கேளாத குழந்தைகளுக்கான பயிற்சிக்கு அம்மா வர வேண்டும் என்றார்கள். அம்மா வரவில்லை, நான் போனேன். டீச்சர் பொறுமைசாலி. கையால் தண்ணீர் கேட்பது எப்படி, போதும் என்பது எப்படி என்று குழந்தைக்கும் எனக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார். கன்னத்தில் இரண்டு தட்டு தட்டினால் அம்மா. வீட்டில் அதை நான்தான் பழக்கினேன். கன்னத்தைத் தட்டிவிட்டுத் தங்கையைக் காட்டுவேன். குழந்தை திரும்பிப் பார்க்கும். அங்கே தெரிவதெல்லாம் மிஷின் மேல் குனிந்த முதுகு. மறுபடி என் முகத்துக்கே வந்துவிடும்.

நேற்று சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, குழந்தை என்னைப் பார்த்துக் கன்னத்தில் இரண்டு தட்டு தட்டியது. தானாகச் சொன்ன முதல் வார்த்தை. நான் கையை நீட்டித் தங்கையைக் காட்டினேன். குழந்தை என் விரலைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, மறுபடியும் தட்டியது.

எத்தனையோ நாளுக்குப் பிறகு அப்போதுதான் தங்கை இந்தப் பக்கம் திரும்பியிருந்தாள்.

"என்னக்கா சொல்றா?"

பொய் சொல்லியிருக்கலாம். தண்ணி கேக்கறா என்று சொன்னால் நம்பியிருப்பாள். ஆனால் இதைக் கேட்டாவது எழுந்து வருவாள், என் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கிக்கொள்வாள் என்று ஒரு நப்பாசை.

"அம்மான்னு சொல்றா."

தங்கை குழந்தையைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். எழுந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். தைத்த காலரில் தொங்கிய நூலைக் கடித்து அறுத்தாள்.

"சரியாத்தான் சொல்றா" என்றாள். அடுத்த காலரை எடுத்து ஊசிக்கடியில் வைத்தாள்.