கரையில் நின்ற ஆறு கப்பல்கள்

ஆறு கப்பல்களில் ஒன்றுகூட நகரவில்லை. "யாரு முதல்ல கிளம்புறீங்க?" என்று வரலாற்று டீச்சர் மூன்றாவது முறையாகக் கேட்டாள். எட்டாம் வகுப்பு மொத்தமும் தரையில் விரித்திருந்த கடலைக் குனிந்து பார்த்தபடி வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தது. பழைய காலண்டர் தாள்கள் ஒன்பதைப் பின்பக்கமாகத் திருப்பி ஒட்டி, நீலம் தீட்டி, ஒரு மாதம் முதுகு ஒடிய அவள் வரைந்த கடல். கப்பல்கள் சோடா மூடிகள். கப்பலுக்குப் பத்து சட்டைப் பட்டன். ஒவ்வொரு பட்டனும் ஒரு தானிய மூட்டை. எதிர்க்கரை நெடுகிலும் நாற்பது சீட்டுகள் கவிழ்ந்து கிடந்தன. பாசிமணிக்கு மிளகு கொடுக்கும் ஊர், பாஷை தெரியாத மனிதர்கள் கரையில் நெருப்பு மூட்டி நிற்கும் ஊர், ஆளே இல்லாமல் பானைகள் மட்டும் மிஞ்சிய ஊர் என்று ஒவ்வொன்றையும் தேடிப் படித்து எழுதியிருந்தாள். பழங்காலத்து மாலுமிகள் காற்றையும் நட்சத்திரத்தையும் நம்பிப் போன வழிகள்தான் எல்லாம்.

சுவரோரமாகக் கல்வி அதிகாரி, பக்கத்தில் தலைமையாசிரியை, கதவருகே கணக்கு சார். கணக்கு சார் சும்மா வந்து நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடலாம் என்று இரண்டு மாதமாகவே பேச்சு. "இந்த விளையாட்டுல பசங்க வரலாறு கத்துக்கிறாங்கன்னு அதிகாரி சொல்லட்டும், பீரியட் உங்களுக்கே" என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தாள். வாரத்துக்கு இருப்பதே மூன்று பீரியட். இரண்டில் கேள்வி பதில் எழுதிப் போட்டே கை ஓய்ந்துவிடும். பதினாறு வருடமாக அதே கேள்வி, அதே பதில். மூச்சு விட மிஞ்சியிருந்தது இந்த ஒன்றுதான். இதுவும் போனால் சாக்பீஸ் தூளைத் தின்றுகொண்டு ஓய்வு பெற வேண்டியதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஏம்மா, யாருமே போகலையா?" என்றார் அதிகாரி.

முதல் வரிசையிலிருந்து கால்குலேட்டர் எழுந்தாள். அப்படித்தான் வகுப்பே அவளைக் கூப்பிடும். பெருக்கல் எதுவானாலும் இமைக்காமல் சொல்லிவிடுவாள். "போனா நஷ்டம் சார். ஒரு கட்டம் நகர்ந்தா ஒரு மூட்டை போயிடுது. புயல் வந்தா ரெண்டு. போன வாரம் ஜெயிச்ச கப்பலே ஏழு மூட்டையோடதான் திரும்புச்சு. போகாம இருந்தா பத்தும் அப்படியே இருக்கும்ல? கடைசியில யார்கிட்ட அதிகமா இருக்கோ அவங்கதான் ஜெயிச்சவங்கன்னு டீச்சரே எழுதியிருக்காங்க."

"சரி, ஆறு கப்பலுமா?"

"பேசி வச்சுக்கிட்டோம் சார். எல்லாருமே ஜெயிச்சிடலாம்."

அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். "பரவாயில்லையே! கணக்கு பிரமாதமா வருதே!" என்றார். டீச்சருக்குக் காது சுட்டது. விதியை எழுதியவளும் அவள், எழுதியதைச் சரிபார்த்தவளும் அவள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். பிள்ளைகளைக் கோபிக்கவும் வழியில்லை, அவர்கள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. தலைமையாசிரியை மட்டும் சிரிக்கவில்லை. அங்கேயே கால அட்டவணையை எடுத்து, ஒரு கட்டத்தை அடித்து, மேலே கணக்கு என்று எழுதினாள். "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர்" என்றார் கணக்கு சார். அவரும் களைத்த மனுஷர்தான். அவரை என்ன சொல்வது?

வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றாமல் அடுப்பைப் பற்றவைத்தாள். கால் சுளுக்கி நான்கு நாளாக லீவில் இருந்த கணவர் சமையலறைக்கு நொண்டி வந்து, "இன்னும் ஆகலையா? பசி உயிரை வாங்குது" என்றார்.

"நாள் முழுக்க கட்டில்லதானே கிடந்தீங்க, அதுக்குள்ள என்ன பசி?"

"நல்லா இருக்கே! நான் லீவு போட்டா வயிறும் லீவு போடுமா?"

அரிசி அளந்துகொண்டிருந்த டம்ளர் அப்படியே நின்றது. நான்கு நாளாக அவர் எங்கும் போகவில்லை. அரிசி டப்பா அரை ஜாண் இறங்கியிருந்தது. தினம் இரண்டு வேளை இந்த வீட்டுக்கு அளந்து போடுகிறவளுக்கு, துறைமுகத்திலேயே தங்கிவிட்டவர்களும் சாப்பிட்டிருப்பார்கள் என்பது மட்டும் எப்படித் தோன்றாமல் போனது! போகாமல் இருப்பதற்குச் செலவே இல்லை என்று எந்த மடையன் சொன்னான்? அவள்தான் சொன்னாள். தன் கைப்பட எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாள். அந்தப் பதினாறு வருடத்தை நினைத்தாள். அவளும் எங்கும் போகவில்லைதான். அதற்காக எதுவும் குறையாமலா இருந்தது? முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னம்மா ஆச்சு?" என்றார் கணவர். "ஒண்ணுமில்ல, கண்ணுல ஏதோ விழுந்துடுச்சு" என்று சொல்லி அரிசியைக் களைந்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மதிய இடைவேளையில் மாடிப்படிக்குக் கீழே கடலை விரித்துவைத்து, சாப்பிட்டு முடித்தவர்கள் வரலாம் என்று சொல்லி அனுப்பினாள். மூன்றே பேர் வந்தார்கள். கால்குலேட்டர் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓரத்தில் புதிதாக எழுதியிருந்ததைப் படித்தாள். கரையில் இருந்தாலும் சுற்றுக்கு ஒரு மூட்டை.

விரல்கள் மடங்கி நிமிர்ந்தன. "பத்தே சுத்துல காலி" என்றாள்.

"ஆமா."

"அப்போ போனாலும் தீரும், இருந்தாலும் தீரும்."

"ஆமா."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல டீச்சர்? பீரியட் போயிருக்காதே." குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. அவளுக்கும் வருத்தம்தான் போலிருந்தது.

"எனக்கே நேத்துதான் தெரிஞ்சுது" என்றாள் டீச்சர்.

அந்தப் பெண் ஒரு பட்டனை எடுத்துத் தள்ளிவைத்துவிட்டு, மூடியைத் துறைமுகக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டம் நகர்த்தினாள். பிறகு இன்னொரு கட்டம். எதிர்க்கரைச் சீட்டுகள் இன்னும் எட்டாத தூரத்தில் இருந்தன. மணி அடித்தது. மேலே படிகளில் பிள்ளைகள் வகுப்புக்கு ஓடும் சத்தம் திடுதிடுவென்று இறங்கி வந்தது. கீழே நீலத்தின் நடுவில் ஒற்றைச் சோடா மூடி அதிர்ந்துகொண்டிருந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த நான்கு பேரில் யாரும் அதை எடுக்கவில்லை.