மூன்றாவது நரி

அந்த வாரம் முழுக்க ஆவுடையப்பன் தன் பேண்ட்டைத் தானே துவைத்துக்கொண்டார். ஒட்டியிருக்கும் மண்ணைப் பார்த்தே மனைவி நாச்சியார் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயம். இருவரும் சொந்தமாக டிரான்ஸ்மிட்டர் வைத்துப் பொழுதுபோக்காகப் பேசுபவர்களின் ராஜபாளையம் ஹாம் ரேடியோ சங்கத்தில் உறுப்பினர்கள். 1994 தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத் தோப்புகளில் நடக்கவிருந்த 'நரி வேட்டை' என்ற ரேடியோ போட்டியில் அவள் போட்டியாளர். அவர் நரிகளை ஒளித்துவைப்பவர்.

நரி என்பது தகர டப்பாவுக்குள் அடங்கிய சின்ன டிரான்ஸ்மிட்டர். ஐந்து நரிகள் ஐந்து இடங்களில் மறைந்திருந்து, முறைவைத்து ஆளுக்கு ஒரு நிமிடம் ரேடியோ அலையில் ஒலியெழுப்பும். கையிலிருக்கும் ரேடியோவின் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி, அதில் சத்தம் எந்தத் திசையில் வலுக்கிறது என்று கேட்டுக்கொண்டே தேடிப் போக வேண்டும். நரிக்குப் பக்கத்தில் ஒரு முத்திரை தொங்கும். அதை அட்டையில் குத்திக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குள் திரும்ப வேண்டும். இளவட்டங்களுக்கு ஐந்து நரிகளும் உண்டு. ஐம்பது தாண்டிய ஆண்களுக்கும் முப்பத்தைந்து தாண்டிய பெண்களுக்கும் மூன்றுதான்.

போன வருடம் அந்த மூன்றும் வண்டிப்பாதை ஓரத்திலேயே இருந்தன. நாச்சியார் சீக்கிரமே முடித்துவிட்டு மற்றவர்கள் ஓடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். "போட்டின்னு கூப்பிட்டு எங்கள பார்க்குல உக்கார வச்சிட்டிய," என்று அன்றைக்கு அவள் சொன்னது ஆவுடையப்பனைத் தைத்துவிட்டது.

இந்த முறை அவர் போட்ட வரைபடத்தைப் பார்த்ததும் சங்கச் செயலாளர் தனுஷ்கோடி பதறினார்.

"மூணாம் நம்பர் நரியப் பெரியவங்களுக்கா குடுக்கிய? அது பாறைக்கு முன்னால கெடக்கு. சத்தம் பாறையில பட்டுத் திரும்பி ஆள ஏமாத்துமே."

"ஆனா கிட்டத்துல இருக்குல்லா? வயசானா கால்தான் அண்ணாச்சி ஓயுது. காதும் மூளையுமா ஓயுது? நடைய எம்புட்டு வேணும்னாலும் கொறைக்கேன். தேடுறதக் கொறைக்க மாட்டேன்."

தனுஷ்கோடி அரைமனதாகத் தலையாட்டினார்.

போட்டியன்று நாச்சியார் சேலையைத் தூக்கிச் செருகி, கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு புறப்பட்டாள். முதல் இரண்டு நரிகள் சிக்கலில்லாமல் கிடைத்தன. மூன்றாவதின் சத்தம் பாறையிலிருந்து கணீரென்று வந்தது. உடைமுள் புதருக்குள் நுழைந்து பாறையடி வரை போனாள். அங்கே ஒன்றுமில்லை. கை கீறி ரத்தம் கசிந்தது. 'வீட்டுக்கு வாங்க, பேசிக்கிறேன்' என்று மனதுக்குள் புருஷனைத் திட்டினாள்.

பிறகு நின்று யோசித்தாள். நரி நேராக இருந்தால் சத்தம் ஒரே கோட்டில் கூர்மையாக வர வேண்டும். இது அகலமாகக் கலங்கி வந்தது. பாறை திருப்பி அனுப்பும் சத்தம்தான் இது என்று பட்டது. அந்த இடத்தை விட்டு விலகிக் கண்மாய்க்கரை மேல் ஏறி, அங்கிருந்து மறுபடி திருப்பிப் பார்த்தாள். இப்போது சத்தம் பனங்கூட்டத்தைக் காட்டியது. அதன் நடுவே பாழுங்கிணறு ஒன்று. பக்கத்தில் இடிந்த மோட்டார் ரூமுக்குள் நரி இருந்தது. முத்திரையைக் குத்தியபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனுஷனுக்கு எம்புட்டுக் குசும்பு!

வெளியே எட்டிப் பார்த்தவள் சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். வண்டிப்பாதையில் சோணைமுத்து வந்துகொண்டிருந்தார். போலீஸ் வயர்லெஸ்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலியால் எந்த வருடமும் அவர் போட்டியை முடித்ததில்லை. ஒரு கையில் கம்பு, மறு கையில் ஆன்டெனா. கண்ணை மூடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முகம் மெல்லப் பாறையிலிருந்து பனங்கூட்டத்துப் பக்கம் திரும்பியது.

இப்போது இந்த வாசல் வழியே போனால் நரி இருக்கும் இடம் அவருக்குத் தெரிந்துவிடும். பாதி தேடிவிட்ட மனுஷனிடமிருந்து மீதியைப் பிடுங்குவதா? நாச்சியார் பின்சுவர் உடைசல் வழியாகக் குனிந்து இறங்கி, சோளக்காட்டைச் சுற்றிக்கொண்டு போனாள். நல்ல சுற்று. அவள் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்தபோது தளவாய்புரம் டீச்சர் ஒருத்தி ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தாள்.

"ரெண்டாவது," என்றார் ஆவுடையப்பன். "சோளக்காட்டுப் பக்கமிருந்து வாரியே, ஏட்டி, வழி தப்பிட்டியா?"

"தப்பல. பொறவு சொல்லுதேன்."

நேரம் முடிய இன்னும் கொஞ்சமே இருந்தபோது வரப்பில் கம்பு ஊன்றும் சத்தம் கேட்டது. சோணைமுத்து அட்டையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். மூன்று முத்திரைகள்.

"யாரும் காட்டிக் குடுக்கலய்யா! நானே பிடிச்சேன்," என்றவர் மூச்சு வாங்க உட்கார்ந்தார். "அந்தப் பாறை என்ன பாடுபடுத்திட்டு! அடுத்த வருசம் நாலு குடுங்க."

நாச்சியார் அவருக்கு மோர் ஊற்றிக் கொடுத்தாள். தனுஷ்கோடி ஆவுடையப்பனின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கடைசியாக வந்தவன் போன வருடம் ஜெயித்த காளிராஜ். நான்கு நரிகளை ஓடி ஓடிப் பிடித்திருந்தான். மூன்றாவது மட்டும் இல்லை.

"பாறை முழுக்கத் தடவிட்டேன். எங்கதான் வச்சிய?"

சோணைமுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். "சொல்ல மாட்டேம்ல. போய்த் தேடு."

எல்லோரும் சிரித்தார்கள். காளிராஜும் சிரித்தான். புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் ஆவுடையப்பனிடம் வந்து, "அண்ணாச்சி, அந்த ஒண்ண மட்டும் செத்த நேரம் அணைக்காம விடுதியளா?" என்று கேட்டான்.

"போயிட்டு வா. சோறு எடுத்து வைக்கேன்."

அவன் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். இந்தத் தடவை ஓடவில்லை. நின்று நின்று கேட்டபடி மெதுவாக நடந்தான்.