அலமாரிக்குள் வளர்ந்த அவரை

பெற்ற மகளின் கோப்பையில் திருட்டுத்தனமாக வெந்த விதையை வைக்க வேண்டும் என்று அந்தப் பள்ளி வேன் டிரைவருக்கு ஆசையா என்ன? எல்லாம் பாசம் படுத்திய பாடு!

மூன்றாம் வகுப்பு டீச்சர் விடுமுறைக்கு முன்னால் ஒரு சோதனை கொடுத்திருந்தார். ஈரப் பஞ்சு போட்ட கோப்பைகளில் ஆளுக்கு இரண்டு அவரை விதைகள், கோப்பைக்கு ஒன்றாக. ஒன்று ஜன்னலோரம், மற்றது அலமாரிக்குள் இருட்டில். பள்ளி திறந்ததும் பெற்றோரோடு வந்து காட்ட வேண்டும். அன்றைக்கு வேனில் ஒரே வாக்குவாதம். "இருட்டுல எதுவும் முளைக்காது, எங்கப்பாவே சொல்லிட்டாரு" என்று மொத்த வேனும் ஒரு பக்கம். "முளைக்கும், பாருங்களேன்" என்று ஒற்றைக் குரல் மறுபக்கம். அது டிரைவரின் மகள். எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று குத்திக்கொண்டே இருப்பதால் வீட்டில் அவளுக்குப் பெயர் குண்டூசி.

விடுமுறைக்கு அம்மாவும் மகளும் சித்தி வீட்டுக்குக் கிளம்பினார்கள். "தினமும் ஒரு ஸ்பூன் தண்ணி ஊத்துங்கப்பா. அலமாரியைச் சட்டுனு மூடிடணும், தெரிஞ்சுதா?" என்று அப்பாவுக்கு உத்தரவு. மனிதர் தவறாமல் ஊற்றினார்; அலமாரிக்கு மட்டும் கதவிடுக்கில் கையை விட்டு, உள்ளே பார்க்காமலேயே. அவர்கள் திரும்பிவரும் நாளன்று காலையில் அலமாரியை முழுசாகத் திறந்தவருக்குப் பகீரென்றது. ஜன்னலோரச் செடி குட்டையாக, பச்சையாக, அடக்க ஒடுக்கமாக நிற்கிறது. அலமாரிக்குள் இருந்ததோ அதைவிட இரண்டு மடங்கு உயரம். வெளிறிப்போய், மஞ்சள் இலையோடு, சட்டைகளுக்கு நடுவே கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கிறது.

அட, மகள் சொன்னது பலித்துவிட்டதே, சந்தோஷப்பட வேண்டியதுதானே? பட்டாரா! கதவைச் சரியாக மூடாமல் வெளிச்சத்தை உள்ளே விட்டுத் தொலைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தார். மற்ற பிள்ளைகள் எல்லாம் முளைக்காத விதையோடு வரும்போது, இவள் மட்டும் இதைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால் சிரிக்க மாட்டார்களா? நேரே சமையலறைக்குப் போய் வேறோர் அவரை விதையை வேகவைத்து, அதே மாதிரி இன்னொரு கோப்பையில் பஞ்சின் மேல் போட்டு அலமாரிக்குள் வைத்தார். இனி அது எந்த ஜென்மத்திலும் முளைக்காது. நெட்டைச் செடியைக் கோப்பையோடு குப்பையில் போடத்தான் போனார், கை வரவில்லை. வேனில் தன் பக்கத்துக் கதவின் பையில், தண்ணீர் பாட்டிலோடு சேர்த்துச் செருகிவைத்தார்.

குண்டூசி வந்ததும் வராததுமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல் அலமாரியைத் திறந்தாள். கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏன் என்று கேட்கவில்லை.

பள்ளி திறந்த பிறகு வேனிலும் அவள் வாயைத் திறக்கவில்லை. ஒரு சிக்னலைக் கடப்பதற்குள் ஊர்ப்பட்ட கேள்வி கேட்கிறவள், கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிரைவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் பிள்ளையின் வாயை நானே அடைத்துவிட்டேனே என்று உள்ளுக்குள் மறுகினார்.

பெற்றோர் வரும் நாளும் வந்தது. டீச்சர் மேசையைச் சுற்றிவந்து இருட்டுக் கோப்பைகளைப் பார்த்தார். எல்லாவற்றிலும் செத்த விதை! ஒன்றை விரலால் அமுக்கினார்; கூழாக நசுங்கியது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது வறுபட்டுக் கறுத்திருந்தது.

"இதையெல்லாம் யாரு சமைச்சது?" என்றார் டீச்சர்.

பெற்றோர் எல்லோரும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்கள். குண்டூசி மட்டும் தரையைப் பார்த்தபடி எழுந்தாள். "என்னோடது தானாவே செத்துடுச்சு டீச்சர். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவ்வளவுதான், டிரைவர் துள்ளி எழுந்தார். "அவ மேல தப்பில்ல டீச்சர். வேகவச்சது நான்! அவளோட செடி வேன் கதவுப் பையில இருக்கு!" என்று சொல்லிவிட்டு வேனுக்கு ஓடினார். கோப்பையும் கையுமாக மூச்சிரைக்கத் திரும்பினார். அவர் கொடுத்த தைரியத்தில் பின்னாலிருந்த வங்கி மேனேஜரும் டையைத் திருகிக்கொண்டே, "வறுத்தது... ஹி ஹி, நாங்கதான். முளைக்காதுன்னு பையன்கிட்ட சொல்லித் தொலைச்சுட்டேனே" என்றார்.

டீச்சர் தன் பீரோவைத் திறந்து ஒரு கோப்பையை எடுத்துவைத்தார். அதிலும் வெளிறிய நெட்டைச் செடி. "இருட்டுல மாட்டிக்கிட்டா, வெளிச்சத்தைத் தேடி இப்படித்தான் நீளும். பிள்ளைங்க கண்ணால பார்க்கட்டும்னு கொடுத்தேன். நீங்க எல்லாரும் சேர்ந்து அடுப்புல ஏத்திட்டீங்க! போங்க, இப்போ பெரியவங்க ஆளுக்கொரு விதை போடுங்க. பிள்ளைங்க வந்து திருத்துவாங்க."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. குண்டூசி சிரிக்கவில்லை. அப்பாவையே பார்த்தாள்.

"இது வளர்ந்தது உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும்மா."

"அப்புறம் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரிப்பாங்களேன்னு பயந்துட்டேன்."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. அது வளர்ந்துச்சுல்ல!"

டிரைவர் அவளுக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து கோப்பையை நீட்டினார். வாங்கியவள் அதை டீச்சருடையதன் பக்கத்தில் வைத்தாள். புருவம் சுருங்கியது.

"டீச்சரோடது மஞ்சளா இருக்கு. இது மட்டும் ஏன் பச்சையா இருக்கு? கதவுப் பையில வெயில் பட்டுச்சா? முதல்ல இலை மாறிச்சா, தண்டு மாறிச்சா? திரும்ப அலமாரிக்குள்ள வச்சா மஞ்சளாயிடுமா? ஏம்ப்பா?"

"தெரியலையேம்மா!" என்றார் டிரைவர், வாயெல்லாம் பல்லாக.