சுக்கானின் பாரம்

மண்ணெண்ணெய் விலை இரண்டாவது தடவை ஏறிய மாதத்தில், சல்லிக் கிராமத்தில் தவராசா வீட்டு நாயின் பாரம் ஒரு வள்ளத்தின் பாரத்தைத் தாண்டியது. உடம்பு பெருத்து அப்படியாகவில்லை. விலா எலும்புகளை வாசலில் நின்றே எண்ணலாம், அவ்வளவு தேய்ந்து போயிருந்தது அந்த நாய். ஆனால் அதைத் தூக்கி வெயிலில் விடப் போன பக்கத்து வீட்டுச் சின்னராசா இடுப்பு நாரி பிடித்து ஒரு கிழமை பாயோடு கிடந்தான். அந்த மாதம் கீரிமீன் நல்ல விலை போனது, கோயில் கிணற்றுக்குப் புதுக் கப்பி போட்டார்கள், தவராசாவின் நாய் வள்ளத்தைவிடப் பாரமானது. ஊர் மூன்றையும் ஒரே மூச்சில்தான் கதைத்தது.

நாயின் பெயர் சுக்கான். யுத்தம் முடிந்து கடலுக்குப் போகப் பாஸ் கேட்பது நின்ற வருடம், கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளம் ஒன்றின் கீழே ஊர்நாய் ஒன்று நாலு குட்டி போட்டது. மூன்றை யார் யாரோ கொண்டுபோனார்கள். நாலாவது, வள்ளத்துச் சுக்கான்போல வாலை இடமும் வலமுமாக ஓயாமல் ஆட்டிக்கொண்டு நின்ற சீரைப் பார்த்துச் சின்னராசா அந்தப் பெயரை வைத்தான். வைத்தது அவன், பின்னால் போய் ஒட்டிக்கொண்டது தவராசாவோடு. அதற்குப் பிறகு பதினைந்து வருடம் தவராசா கடலுக்குப் போன நாளெல்லாம் வள்ளத்தின் முன்தலைப்பில் அது இருந்தது. திரும்பி வரும்போது கரை தட்டும்வரை அதற்குப் பொறுமை கிடையாது. குதித்து நீந்தி முதலாவதாகக் கரையேறி, கயிற்றின் நுனியைப் பல்லால் பிடித்து மற்றவர்களோடு சேர்ந்து வள்ளம் இழுக்கும். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வள்ளம் ஏறும்போது கயிற்றில் கை வைத்த எவனுக்கும் கறிக்கு மீன் கொடுக்க வேண்டும், போன கிழமை உன்னோடு வேலிச் சண்டை பிடித்தவனாக இருந்தாலும் சரி. பல் வைத்த சுக்கானுக்கும் அதன் பங்கு தவறாமல் கிடைத்தது, யாரும் குறை சொன்னதில்லை.

முதலில் குசினிச் சீமெந்தில் அதன் பின்னங்கால் வழுக்கியது. தவராசாவின் மனைவி தெய்வானை நிலமெல்லாம் சாக்கு விரித்தாள். பிறகு இரண்டு பின்னங்காலும் ஒன்றோடொன்று மாறிக் குறுக்கே விழத் தொடங்கின. தவராசா தன் பழைய சாரமொன்றைக் கிழித்து, வயிற்றுக்குக் கீழே கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தபடி அதைக் கடற்கரைவரை நடத்திப் போனார். முன்னங்காலால் நாயும் பின்னங்காலுக்குப் பதிலாகத் தவராசாவும் நடந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பார்த்துச் சிரித்தவர்கள் சிரித்தார்கள். ஒருநாள் சாரம் இரண்டாகக் கிழிந்தது. அடுத்த நாள் புதுச் சாரம் கிழிந்தது. மூன்றாவதாக, வலை இழுக்கிற கயிறே அறுந்தது. அதோடு சுக்கான் குசினி மூலையில் படுத்துவிட்டது. அன்றிலிருந்து தவராசா சோற்றைப் பிசைந்து ஊட்டினார். தெய்வானை ஈரத்தைத் துடைத்து, சாக்கை மாற்றி, வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்து விலாப் புண்ணில் பூசினாள். ஒரே பக்கம் கிடந்தால் புண் பெருக்கும் என்பதால் காலையும் மாலையும் துடுப்பை அடியில் கொடுத்து, இருவருமாகத் துடுப்பின் மறுமுனையில் ஏறி நின்று அமத்தினால்தான் நாய் மறுபக்கம் புரளும். பாரம் எங்கிருந்து வந்தது என்பதைத் தவராசா தன்பாட்டில் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"நடக்க வேண்டிய நடையெல்லாம் நடக்காமல் உள்ளுக்குள்ளை சேர்ந்துபோய்க் கிடக்குது," என்றார்.

"அப்ப எனக்கும் கொஞ்சம் சேர்ந்திருக்கும், முழங்கால் படுற பாட்டைப் பார்த்தால்," என்றாள் தெய்வானை.

ஆனி மாதம் பட்டணத்திலிருந்து றிஷானா என்ற மிருக வைத்தியர் வந்தார். குனிந்து தடவிப் பார்த்தார், ஊசிமுனையால் பின்னங்காலைத் தொட்டுப் பார்த்தார், காலைத் தூக்கப் பார்த்து முடியாமல் விட்டார். பாரத்தைப் பற்றி அவர் பெரிதாக அதிசயிக்கவில்லை. கிழட்டுப் பிராணிகளில் எத்தனையோ விதம் பார்த்தவர்.

"ஐயா, முதுகு நரம்பு செத்துப்போச்சு. இனி இது எழும்பாது. மிச்சம் இருக்கிறது நோவு மட்டும்தான். நீங்கள் ஓமெண்டு சொன்னால் ஒரு ஊசியில நித்திரையாப் போயிடும்."

"பாரத்துக்கு ஏதும் மருந்து இருக்கோ?"

"அதுக்கு எங்களிட்ட மருந்து இல்லை."

தவராசா வைத்தியரை ஒழுங்கைவரை கூட்டிப்போய் விட்டார். அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது, அதை வைத்தியரிடம் சொல்ல வெட்கப்பட்டார். சுக்கான் கடல் தண்ணிக்குள் இருந்து போக வேண்டும், சாக்கில் கிடந்து போகக்கூடாது. இவ்வளவுதான். மனிசன் தனக்குக்கூட இதைவிடப் பெரிதாக எதையும் கேட்டதில்லை.

அந்தக் கிழமை வெக்கை தாங்க ஏலாமல் நாய் நாக்கைத் தொங்கப் போட்டு இளைத்தது. வள்ளம் இழுப்பவர்கள் அம்பா பாடுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் முன்னங்கால் இரண்டையும் நிலத்தில் பிராண்டியது. தவராசா போய் இழுவைக்காரரிடம் கேட்டார். "ஈரமணல் மட்டும் கொண்டுபோய் விட்டால் போதும். உடம்பு கொஞ்சம் குளிரட்டும்." பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். குசினிப் பின்சுவரில் பாதியை இடித்து, துடுப்புகளால் நெம்பி, நாயைப் பழைய கதவுப் பலகையொன்றில் ஏற்றி, கீழே உருளைக் கட்டைகளைப் போட்டு, கயிறு கட்டினார்கள். சின்னராசா அடியெடுத்துப் பாடினான், மற்றவர்கள் ஏலேலோ என்றார்கள், பலகை நகர்ந்தது. எல்லாம் சரியாகத்தான் போனது. ஆனால் வள்ளம் தள்ளுகிறவனின் கைக்கு ஈரமணல் என்று ஒரு தரிப்பிடம் கிடையாது. அலைவாயில் தயங்கினால் வள்ளம் குறுக்கே திரும்பிப் பிளந்துவிடும் என்று தகப்பன்மாரிடம் அடி வாங்கிப் பழகிய கைகள் அவை. பாட்டு உச்சத்துக்கு ஏறியது, கைகள் தங்கள் புத்தியைக் காட்டின, நாயைப் பலகையோடு அலைக்குள் தள்ளி விட்டுவிட்டார்கள். பிறகுதான் ஒவ்வொருவராகத் தலையில் கை வைத்தார்கள்.

தவராசா சாரத்தோடு பாய்ந்தார். நாய் அவருக்கு முன்னால், இரண்டு அலை தள்ளி, தலையைத் தூக்கியது. முன்னங்கால்கள் துடுப்புப்போல் வலித்தன, பின்னங்கால்கள் சும்மா மிதந்தன, வால் வழமைபோல் இடமும் வலமும் போனது. வலை மிதவைவரை நீந்திப் போய், மணந்து பார்த்து, திரும்பி வந்தது. கரையில் தவராசா அதைத் தூக்கியபோது ஒரு மூட்டை அரிசியின் பாரம்தான் இருந்தது. தோளில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். பொழுதுபட பாரம் திரும்பவும் ஏறிவிட்டது. ஆனாலும் அன்று சுக்கான் தன்பாட்டில் தட்டிலிருந்து தின்றது. தவராசா குசினி வாசலில் இருந்து அழுதார்.

அதன்பிறகு புரட்டாதி முடியும்வரை அது அன்றாட வேலையாயிற்று. வள்ளங்கள் ஏறிய கையோடு நாய் இறங்கும். இழுத்தவர்களுக்குக் கறிக்கு மீன் கொடுத்தாக வேண்டும், வழக்கம் நாயென்றும் வள்ளமென்றும் பிரித்துச் சொல்லவில்லை. தவராசாவின் பங்கு மீன் முழுதும் அதற்கே போனது. கடற்றொழிலாளி வீட்டில் தேங்காய்ச் சம்பலும் சோறும்தான் சாப்பாடு. தெய்வானை அம்மியில் அரைக்கிற வேகத்தில் அவள் மனது கேட்டது. "அண்ணை, இதுக்கு ஒரு எஞ்சினைப் பூட்டிவிடுங்கோ, நாங்கள் பிழைச்சுப் போவம்," என்று சின்னராசா பகிடி விடுவான், விட்டபடியே கயிற்றைத் தோளில் போடுவான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஆள் ஒன்று கூடுதலாகத் தேவைப்பட்டது. நீந்திக் கரைக்கிற நடையைவிடச் சேருகிற நடை அதிகம். அது எல்லோருக்கும் விளங்கியது, தவராசாவுக்கு எல்லோரையும்விட முன்னரே விளங்கியது.

ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கியது. சல்லியில் அம்மனுக்குப் பொங்கி, வள்ளங்களை மேட்டில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டால், மாசி பிறக்கும்வரை யாரும் அம்பா பாட மாட்டார்கள். பாடினால், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக் கடல் ஊருக்குள் வந்துவிடும். கூப்பிடாமல் ஒருதரம் வந்ததே அந்த ஊருக்குப் போதும். இழுவைக்காரரில் பாதிப்பேர் சீனன்குடாவிலும் பாலையூற்றிலும் கூலி வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு சின்னராசா ஒருநாள் வந்தான். பாட்டில்லாமல் வாயை மூடிக்கொண்டு இழுத்தார்கள். பலகை நகரவில்லை, ஒருவன் தோள்தான் நகர்ந்தது.

"குறை நினையாதையுங்கோ அண்ணை. வாயில்லாமல் இது அசையாது. வாய் திறக்க எங்களுக்கு ஏலாது, பிள்ளை குட்டி இருக்கு."

"நான் உன்னைப் பாடச் சொல்லி ஒருநாளும் கேட்க மாட்டன்," என்றார் தவராசா.

கார்த்திகையில் வைத்தியர் மழைக்குள் வந்து, புண்ணைப் பார்த்து, பழைய கேள்வியையே கேட்டார். எலும்பு தெரிந்தது. நாய் இரவும் பகலும் ஒரே சீரில் முனகியது, சத்தம் பழகிப்போய் தெய்வானை அதற்குள்ளேயே நித்திரை கொள்ளப் பழகியிருந்தாள். தவராசா நிலத்தைப் பார்த்தபடி, "மாசி பிறக்கட்டும் டொக்டர், ஒருக்கால் தண்ணியில விட்டிட்டு," என்றார். வைத்தியர் நோவுக் குளிசையை வைத்துவிட்டுப் போனார். அன்றைக்குத் தவராசா ஓம் என்று சொல்லியிருந்தால் நாய்க்கு எவ்வளவோ நல்லது. ஊரே அதைத்தான் சொன்னது, தெய்வானையும் சொன்னாள், தவராசாவுக்கும் அது தெரியும். தெரிந்து என்ன, அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வரவில்லை. வாளியில் கடல் தண்ணி அள்ளி வந்து அதன் முன்னங்காலை நனைத்தார். நாய் அந்த ஈரத்தில் நீந்துவதுபோல் இரண்டு தரம் அசைத்துவிட்டு, ஏமாந்து நிறுத்திவிடும். பாரத்தில் குசினிச் சீமெந்து வெடித்து, அது கிடந்த இடம் சட்டிபோல் குழிந்தது.

மார்கழியில் ஒரு மத்தியானம், ஓட்டில் மழை கொட்டி யாருக்கும் எதுவும் கேட்காத நேரத்தில், தவராசா கயிற்றைத் தோளில் போட்டு, உதட்டுக்குள் அம்பாவைத் தொடங்கினார். தெய்வானை கையிலிருந்த சட்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு விசரே? ஊர் அழிஞ்சால் ஆர் பதில் சொல்லுறது?"

"கடலுக்குக் கேட்காது. மெல்லமாத்தான் பாடுறன்."

அவர் திரும்பவும் அடியெடுத்தார், பதில் சொல்ல ஆளில்லாமல் பாட்டு நடுவில் நின்றது. மூன்றாம் முறை நின்றபோது தெய்வானை சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து கயிற்றின் கடைசியைப் பிடித்தாள். அந்த ஊரில் பெண்கள் அம்பா பாடியதில்லை. "ஏலேலோ," என்றாள், குழந்தைக்குச் சொல்வதுபோல் அவ்வளவு மெல்லமாக. நாய் காதை நிமிர்த்தியது. முன்னங்காலை ஊன்றியது. பலகை ஒரு சாண் நகர்ந்தது.

மழை பெய்த நாளெல்லாம் அவர்கள் அப்படி இழுத்தார்கள். சில நாள் ஒரு சாண், சில நாள் நாலு விரல், சில நாள் ஒன்றுமில்லை. பொங்கல் கழிந்தபோது நாய் குழியிலிருந்து வெளியேறியிருந்தது. தைப்பூசத்துக்குக் குசினி வாசலுக்கு வந்துவிட்டது. அங்கிருந்து பார்த்தால் இடிந்த சுவருக்கு அப்பால், கவிழ்த்த வள்ளங்களுக்கு நடுவில் கடல் தெரியும். மாசிக்குச் சில நாட்கள்தான் இருந்தன. சுக்கான் கடலைப் பார்த்தபடி, நாடியை வாசற்படியில் வைத்து, தவராசா விடிகாலைத் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் செத்துப்போனது. முனகல் நின்றதுதான் தெய்வானைக்கு முதலில் கேட்டது.

அன்று விடியக் கடல் வந்தது. உதட்டுக்குள் கூப்பிட்டதால் கொஞ்சமாகத்தான் வந்தது. ஒரு பாயகலத் தண்ணீர், வள்ளங்களுக்கு நடுவால் ஒழுங்கையில் ஏறி, வேறு எந்த வளவுக்குள்ளும் திரும்பாமல், தவராசா வீட்டுக் குசினி வாசலுக்கு ஒரு முழம் குறைய வந்து நின்றது. சின்னராசா வேலிக்கு அப்பால் நின்று பார்த்தான். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்து அதைத் தாண்டிப் போனார்கள். தவராசா குனிந்து, பழக்கதோசத்தில் பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்து நாயைத் தூக்கினார். பாரம் ஒன்றுமே இல்லை. கண் திறக்காத குட்டியின் பாரம்கூட இல்லை. இவ்வளவு காலம் பன்னிரண்டு பேர் இழுத்ததை ஒரு கையில் வைத்துக்கொண்டு அவர் தெய்வானையிடம் திரும்பினார்.

"இப்ப ஏலுது, தெய்வானை," என்றார். "இப்ப ஏலுது பார்."

தண்ணீரில் வைத்தார். கடல் அதைக் கூட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போனது.

பாரம் எங்கே போனது என்பது மாசியில் கடல் திறந்தபோது தெரிந்தது. தவராசா வள்ளத்தில் கால் வைத்தார், வள்ளம் அந்தப் பக்கமாகச் சரிந்தது. மணலில் அவர் நடந்தால் கணுக்கால்வரை புதைகிறது, தடம் மத்தியானம்வரை அழிவதில்லை. முன்பெல்லாம் சுக்கானோடு முன்தலைப்பில் இருந்த அவரை இப்போது நடுவில் இருத்துகிறார்கள், அப்படியும் சரிந்தால் மறுபக்கத்துக்கு இரண்டு ஐஸ் பெட்டியைக் கூடுதலாக வைக்கிறார்கள். இவ்வளவு பாரத்தோடு எப்படி நடக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. கரை தட்டினால் சின்னராசா கயிற்றைக் கையில் எடுத்துவிட்டு, "அண்ணை இறங்கட்டும், பிறகு இழுப்பம்," என்பான். எல்லோரும் பொறுத்து நிற்பார்கள். அவர் மெல்ல இறங்கி, கயிற்றின் நுனியைப் போய்ப் பிடிப்பார். வள்ளம் ஏறியதும் கறிக்கு மீன் பிரிக்கும்போது அவருக்கு இரண்டு பங்கு வைக்கிறார்கள். அவர் இரண்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.