தொலேடோவில் விட்ட நோட்டு

ஆகிஸ் ஒரு படத்தைப் பத்து நிமிடத்தில் வரைந்துவிடுவான். எனக்கு இரண்டு மணி நேரமாகும்.

வயதோலித் நகரத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கிரேக்கத்திலிருந்து ஆகிஸ், போர்த்துக்கல்லிலிருந்து லித்யா, ஸ்லோவேனியாவிலிருந்து நான், யெர்னேய். கட்டடக்கலையில் ஒரு வருடம் இங்கே படிக்க வந்தவர்கள். பழைய நகரங்களை நேரில் பார்த்து வரைந்த இருபது படங்களை மே மாதக் கடைசியில் ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும். அதனால் சனிக்கிழமை தவறாமல் எங்காவது பேருந்து ஏறினோம்.

செகோவியாவில், ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரக் கட்டிய பழைய நீர்ப்பாலத்தின் வளைவுகளை எண்ணி, அளவு பிடித்து, அழித்து அழித்து வரைந்தேன். ஆகிஸ் சாதாரணப் பேனாவால் மூன்றே வளைவு வரைந்தான். அந்த நிழலில் தூங்கிய ஒரு நாயையும் வரைந்தான். வழியில் போனவர்கள் அவன் பின்னால் நின்று பார்த்தார்கள். என் பின்னால் ஒருவரும் நிற்கவில்லை.

"உன்னோடதுல ஒரு கல்லு கூடத் தப்பில்ல யெர்னேய்," என்றாள் லித்யா. "பரீட்சை பேப்பர் மாதிரியே இருக்கு."

"அவனை ஏன் ஓட்டுற?" என்றான் ஆகிஸ். "பாலம் இடிஞ்சா அவன் படத்தை வச்சுத் திரும்பக் கட்டலாம். என்னோடதை வச்சு நாய்தான் வளக்கலாம்."

லித்யா விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் எனக்காகப் பரிந்து பேசியதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. ஆவிலாவுக்குப் போனபோது, யாருக்கும் தெரியாமல் அவனுடையதைப் போலவே ஒரு பேனா வாங்கி, கோட்டைச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் ஒரு படம் போட்டேன். அதைக் கசக்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு திரும்பினேன்.

படங்களைக் கொடுக்க வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை தொலேடோவுக்குப் போனோம். ஆற்றுக்கு அக்கரையில், முழு நகரமும் எதிரே தெரியும் இடத்தில் ஒரு தாழ்ந்த கல்சுவர் உண்டு. அதில் உட்கார்ந்து வரைந்தோம். முட்டையும் உருளைக்கிழங்கும் வைத்த ரொட்டியைத் தின்றோம். திடீரென்று லித்யா கத்தினாள்.

"டேய், பஸ் வந்துருச்சு. ஓடுங்க."

இருவரும் ஓடினார்கள். பென்சில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்ததால் நான் கடைசி. சுவர்மேல் ஆகிஸின் கறுப்பு நோட்டு இருந்தது; அவன் இதுவரை வரைந்த படமெல்லாம் அதில்தான். கையை நீட்டினால் எடுத்துவிடலாம். பார்த்தேன். எடுக்காமல் போய்ப் பேருந்தில் ஏறினேன்.

தலைநகர் மத்ரீதில் வண்டி மாறும்போதுதான் அவன் தேடத் தொடங்கினான். லித்யா எல்லாப் பைகளையும் பெஞ்சில் கவிழ்த்தாள். நானும் என் பைக்குள் கைவிட்டுத் துழாவினேன். அது அங்கே இல்லை என்று தெரிந்தே துழாவினேன்.

"எங்கயாவது பாத்தியாடா?" என்று ஆகிஸ் கேட்டான்.

"இல்லையே."

ஊர் வரும்வரை அவன் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி வந்தான். எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

ஞாயிறு முழுக்க அவன் அறையை விட்டு வெளியே வரவில்லை. திங்கட்கிழமை ஆசிரியர் அவனுக்கு வெள்ளிவரை தவணை கொடுத்தார். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கல்லூரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தொலேடோவுக்குப் போனேன். சுவர் காலியாக இருந்தது. பக்கத்தில் குளிர்பானம் விற்கும் அம்மாவிடம் விசாரித்தேன்.

"கறுப்பு நோட்டா? நாய் படம் இருக்குமே, அதுவா?" என்று கேட்டுக்கொண்டே பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்தாள். "நீயா ராசா வரைஞ்சது? என்ன கைடா உனக்கு."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் மகிழ்ந்துபோய் ஒரு எலுமிச்சைச் சாற்றைச் சும்மாவே கொடுத்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த நோட்டைப் புரட்டினேன். ஒரு படத்திலாவது குறை சொல்ல இடம் கிடைக்குமா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை. மத்ரீத் நிலையத்தில் நோட்டும் கையுமாக ஒரு குப்பைத்தொட்டி அருகே கொஞ்ச நேரம் நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் ஆகிஸ் தரையில் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் தாள்கள். நோட்டை நீட்டினேன்.

"எங்கடா கிடைச்சுது?"

"அந்தச் சுவத்துல விட்டுட்டு வந்துட்ட. அன்னைக்கே பாத்தேன். எடுக்கல."

அவன் முகம் வெளிறியது. "ஏன்டா?"

"உன் அளவுக்கு எனக்கு வரல. அதான்."

லித்யா கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆகிஸ் திட்டுவான், அடிப்பான் என்று காத்திருந்தேன். அவன் நோட்டை வாங்கித் திறக்காமலே கட்டிலில் போட்டான்.

"இனிமே இது வேண்டாம். இருபதுல பதிமூணு முடிச்சுட்டேன்," என்றான்.

அப்போதுதான் தரையில் கிடந்த தாள்களைக் கவனித்தேன். நினைவிலிருந்தே எல்லா நகரங்களையும் மறுபடி வரைந்திருந்தான். கோடுகள் குறைந்திருந்தன. பழையவற்றைவிட இவை நன்றாக இருந்தன. செய்த தப்பை ஒத்துக்கொண்டு நின்ற அந்த நிமிடத்திலும் என் நெஞ்சு பொறாமையில் வெந்தது.

வெள்ளிக்கிழமை அவன் புதிய படங்களைக் கொடுத்து முதல் மதிப்பெண் வாங்கினான். எனக்கும் குறைவில்லாத மதிப்பெண்தான். 'அளவுகள் துல்லியம்' என்று எழுதியிருந்தார் ஆசிரியர்.

மறுநாள் சனிக்கிழமை, வழக்கம்போல் ஊர் பார்க்கக் காசெரெஸுக்குப் புறப்படும்போது லித்யா ஆகிஸைக் கேட்டாள்.

"இவன் வரணுமா?"

அவன் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிராமலே, "வரட்டும். அவன் டிக்கெட்டும் எடுத்தாச்சு," என்றான்.

பேருந்தில் அவர்கள் இருவரும் முன்னால் உட்கார்ந்தார்கள். நான் நான்கு வரிசை தள்ளிப் பின்னால். பாதி வழியில் ஆகிஸ் எதையோ வரையத் தொடங்கினான். லித்யா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். இருக்கைகளின் இடைவெளியில் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். அவன் தோள்தான் தெரிந்தது.